மின்சாரம் கேட்காத குளிர்ச்சி



"ஆபீஸ்னா ஏ.சி. போடணும். ஏ.சி. போட்டா கரண்ட் பில் கட்டணும். இதுல கட்டுரை எழுத என்ன இருக்கு?" என்று தலைப்பைப் பார்த்ததும் நீங்கள் கேட்கலாம். போன வருடம் வரை நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். என் நினைப்பை மாற்றியது ஒரு சின்ன அனுபவம். முதலில் அதைச் சொல்லிவிட்டுப் பாடத்துக்கு வருகிறேன்.

விடுமுறையில் ஒரு டிராயிங் ஆபீசில் பயிற்சிக்குப் போயிருந்தேன். அங்கே இரண்டு மாடி அலுவலகக் கட்டடம் ஒன்றின் வரைபடத்தை என்னிடம் கொடுத்தார்கள். கட்டடத்தின் முகப்பு மேற்குப் பார்த்தது. நம் வகுப்பில் சொல்லிக்கொடுத்தபடி எல்லாச் சன்னலுக்கும் மேலே இரண்டடி சன்ஷேடு வரைந்து வைத்தேன். மறுநாள் சார் பார்த்துவிட்டு, "தம்பி, பார்ட்டி முகப்பு முழுக்கக் கண்ணாடி கேட்கிறார். சன்ஷேடு இருந்தா எலிவேஷன் கெட்டுப்போயிடும். எடுத்துடு" என்றார். நானும் எடுத்துவிட்டேன். டெலிட் பட்டனை ஒருமுறை தட்டினேன், அவ்வளவுதான்.

பல மாதம் கழித்து வேறு வேலையாக அந்தக் கட்டடத்துக்குள் போக நேர்ந்தது. மாலை நான்கு மணி இருக்கும். அத்தனை செலவு செய்து போட்ட கண்ணாடியில் உள்பக்கமாகச் செய்தித்தாளும் அட்டைப்பெட்டியும் ஒட்டியிருந்தார்கள். வெளிச்சம் மறைந்துபோனதால் பட்டப்பகலில் எல்லா விளக்கும் எரிந்தது. ஏ.சி. 18-இல் ஓடிக்கொண்டிருந்தது. அப்படியும் சன்னலோரம் இருந்த அக்கா நாற்காலியைத் திருப்பிப் போட்டு, வெயிலுக்கு முதுகைக் காட்டி டைப் செய்துகொண்டிருந்தார். "மூணு மணிக்கு மேல இங்க உட்கார முடியல தம்பி. கரண்ட் போயிட்டா இன்னும் மோசம். திறக்க ஒரு சன்னல்கூட இல்ல" என்றார். 'அந்தக் கோட்டை அழிச்சது நான்தான் அக்கா' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அன்றிலிருந்துதான் இந்த விஷயத்தைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். படித்ததில் நமக்கு உதவக்கூடியதை இங்கே தருகிறேன்.

1. வெப்பம் எந்த வழியாக உள்ளே வருகிறது?

ஒரு அலுவலகத்துக்குள் வெப்பம் நுழைய ஐந்து வழிகள் உண்டு: கூரை, சுவர், கண்ணாடி, வெளிக்காற்று, உள்ளே இருக்கும் ஆட்களும் இயந்திரங்களும். உட்கார்ந்து வேலை செய்யும் ஒரு மனிதரே சுமார் 100 வாட் வெப்பத்தை வெளிவிடுகிறார். விளக்கு எடுத்துக்கொள்ளும் மின்சாரமும் கடைசியில் வெப்பமாகத்தான் அறையில் சேர்கிறது.

ஏ.சி. என்பது குளிர்ச்சியை உற்பத்தி செய்யும் இயந்திரம் அல்ல. உள்ளே வந்த வெப்பத்தை வெளியே இறைத்துக் கொட்டும் பம்ப் அது. ஓட்டைப் படகில் தண்ணீரை இறைப்பது போன்ற வேலை. படகில் இருப்பவன் பெரிய பம்ப் வாங்குவானா, முதலில் ஓட்டையை அடைப்பானா? ஓட்டையை அடைக்கும் வேலைக்குத்தான் இயற்கைவழிக் குளிரூட்டல் என்று பெயர். இதை இரண்டு பகுதியாகப் பிரிக்கலாம்.

அ) வெப்பத்தை உள்ளே விடாமல் தடுப்பது: நிழல், வெள்ளைக் கூரை, நல்ல சுவர்.
ஆ) உள்ளே வந்த வெப்பத்தை மோட்டார் அதிகம் இல்லாமல் வெளியேற்றுவது: காற்றோட்டம், இரவுக் குளிர்ச்சி, நீர் ஆவியாதல்.

ஒரு அளவையும் நினைவில் வைத்துக்கொள்வோம். குளிரூட்டும் துறையில் 'ஒரு டன்' என்றால் 3,517 வாட். ஒரு டன் பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகும்போது இழுத்துக்கொள்ளும் வெப்பத்திலிருந்து வந்த கணக்கு இது. மெக்கானிக்கல் நண்பர்களுக்கு இது தெரிந்ததுதான்.

2. கண்ணாடியும் நிழலும்

சூரியனிலிருந்து வரும் குறுகிய அலைநீளக் கதிர்களைக் கண்ணாடி உள்ளே விட்டுவிடும். அந்தக் கதிர்கள் மேசையிலும் தரையிலும் பட்டுச் சூடாக்குகின்றன. சூடான பொருள்கள் திரும்ப வெளிவிடும் நீண்ட அலைநீளக் கதிர்களை அதே கண்ணாடி வெளியே விடாது. வெயிலில் நிறுத்திய காருக்குள் ஏறிப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை.

ஒரு கணக்குப் போடுவோம். மேற்குச் சுவரில் 20 ச.மீ. சாதாரணக் கண்ணாடி இருக்கிறது. மாலை 4 மணிக்கு அதன் மேல் ஒரு ச.மீட்டருக்கு 600 வாட் வெயில் விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒற்றைக் கண்ணாடி அதில் சுமார் 80 சதவீதத்தை உள்ளே விடும்.

20 × 600 × 0.8 = 9,600 வாட்.

டன்னில் சொன்னால் சுமார் 2.7 டன். இந்த ஒரு சுவருக்காக மட்டுமே இரண்டு பெரிய ஏ.சி. ஓட வேண்டும். வெளியே நல்ல நிழல் அமைத்து இதில் முக்கால் பங்கைத் தடுத்தால் மிஞ்சுவது 2,400 வாட். ஏறக்குறைய இரண்டு டன் மிச்சம்.

உள்ளே திரை போட்டால் போதாதா? போதாது. திரையைத் தொடும்போது வெயில் ஏற்கெனவே கண்ணாடியைத் தாண்டி வந்துவிட்டது. திரை சூடாகி அறையைச் சூடாக்கும். நிழல் கண்ணாடிக்கு வெளியே இருக்க வேண்டும். ஓலைத் தட்டியை வாசலுக்கு வெளியே கட்டிய நம் பெரியவர்களுக்கு இது தெரிந்திருந்தது.

சரி, சன்ஷேடு எவ்வளவு நீட்ட வேண்டும்? 'ரெண்டடி போடு' என்பது மேஸ்திரி கணக்கு. எந்தத் திசைக்கு அது சரி, எந்தத் திசைக்குத் தவறு என்று பார்ப்போம்.

சென்னை ஏறத்தாழ 13 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. டிசம்பர் 21 நண்பகலில் சூரியன் தெற்கே சாய்ந்து, தரையிலிருந்து சுமார் 53.5 டிகிரி உயரத்தில் நிற்கும். மார்ச் 21 அன்று 77 டிகிரி. ஏப்ரல் கடைசி வாரத்தில் நேர் தலைக்கு மேல். அதன் பிறகு ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே இருக்கும். 'சூரியன் எப்போதும் தெற்கே' என்று வெளிநாட்டுப் புத்தகங்களில் எழுதியிருப்பதை அப்படியே இங்கே எடுத்துக்கொள்ளக் கூடாது.

சன்னல் உயரம் 1.2 மீ., அதாவது நாலடி. சன்ஷேடின் நீளம் = சன்னல் உயரம் ÷ சூரிய உயரக் கோணத்தின் டான் மதிப்பு.

தெற்குச் சன்னல், மார்ச் 21 நண்பகல்: 1.2 ÷ 4.33 = 0.28 மீ.
தெற்குச் சன்னல், டிசம்பர் 21 நண்பகல்: 1.2 ÷ 1.35 = 0.89 மீ.

ஆகவே தெற்கே இரண்டடி, அதாவது 60 செ.மீ. சன்ஷேடு போட்டால் பிப்ரவரி நடுவிலிருந்து அக்டோபர் கடைசி வரை நண்பகல் வெயில் சன்னலில் விழாது. மிச்ச மாதங்களில் சென்னை வெயில் அவ்வளவு கடுமை இல்லை. மேஸ்திரி கணக்கு தெற்குக்குச் சரிதான்!

இப்போது மேற்குச் சன்னல். மார்ச் 21, மாலை 4 மணி. சூரியன் தாழ்ந்து, மேற்குச் சுவரைச் சுமார் 29 டிகிரிச் சாய்வில் தாக்குகிறது. 1.2 ÷ 0.56 = 2.1 மீ. ஏழடி நீளச் சன்ஷேடு! யாரும் கட்ட மாட்டார்கள். ஐந்து மணிக்குக் கணக்குப் போட்டால் அதுவும் போதாது. கிழக்குச் சுவருக்குக் காலையில் இதே கதைதான்.

இதிலிருந்து கிடைக்கும் பாடம்: கிழக்கு, மேற்குச் சுவர்களில் கிடைமட்டச் சன்ஷேடு மட்டும் காப்பாற்றாது. அங்கே கண்ணாடியைக் குறைக்க வேண்டும். முடிந்தால் மாடிப்படி, லிஃப்ட், கழிப்பறை, ஸ்டோர் ரூம் எல்லாவற்றையும் மேற்குப் பக்கம் தள்ள வேண்டும். சன்னல் வைத்தே ஆகவேண்டும் என்றால் செங்குத்துத் தடுப்புகளோ ஜாலியோ வராந்தாவோ மரமோ வேண்டும். வடக்கே சின்னச் சன்ஷேடும் பக்கவாட்டுத் தடுப்பும் போதும். வேலை செய்ய ஏற்ற, கண் கூசாத வெளிச்சமும் வடக்கிலிருந்துதான் வரும். கட்டடத்தின் நீளத்தைக் கிழக்கு மேற்காக வைத்தால் நீண்ட சுவர்கள் வடக்கும் தெற்கும் பார்க்கும். இதற்கு ஒரு பைசாக்கூட அதிகச் செலவு இல்லை. வரைபடத்தில் திருப்பிப் போட வேண்டியதுதான். ஆனால் மனை இடம் கொடுக்க வேண்டும், அதுதான் சிக்கல்.

நான் அழித்த சன்ஷேடு இருந்திருந்தாலும் அந்த அக்காவுக்கு மாலை வெயில் முழுசாக நின்றிருக்காது என்பது இந்தக் கணக்கைப் போட்ட பிறகுதான் எனக்குப் புரிந்தது. நான் வரைந்ததும் அரைகுறை, அழித்ததும் தவறு.

3. கூரை

நம் ஊரில் வெயில் பெரும்பாலும் உச்சியில் நிற்பதால் அதிக அடி வாங்குவது கூரை. மேல்மாடி ஊழியர்கள்தான் இதற்குச் சாட்சி.

கான்கிரீட் கூரை மேல் வெயில் படும்போது, வெளிக்காற்று 36 டிகிரி என்றாலும் கூரை அதைவிட அதிகச் சூட்டை உணர்கிறது. வெயில் 900 வாட், கூரைப் பரப்பு அதில் 70 சதவீதத்தை உறிஞ்சுகிறது, பரப்பின் வெப்பக் கடத்து எண் 22.5, வானத்துக்குத் திரும்பக் கதிர்வீசுவதற்காக 4 டிகிரி கழிவு என்று எடுத்துக்கொள்வோம்.

36 + (0.7 × 900 ÷ 22.5) – 4 = 60 டிகிரி.

அதே கூரைக்கு வெள்ளை அடித்தால் உறிஞ்சுவது 30 சதவீதம்.

36 + (0.3 × 900 ÷ 22.5) – 4 = 44 டிகிரி.

உள்ளே 26 டிகிரி, கூரை 100 ச.மீ., கூரையின் யூ மதிப்பு 3.5 என்றால்:

வெறும் கான்கிரீட்: (60 – 26) × 3.5 × 100 = 11,900 வாட்.
வெள்ளைக் கூரை: (44 – 26) × 3.5 × 100 = 6,300 வாட்.

ஏறக்குறைய பாதி! ஒரு சுண்ணாம்புப் பூச்சு சுமார் 1.6 டன்னைக் குறைக்கிறது. உண்மையில் கூரை உடனே சூடாவதில்லை, வெப்பம் மெதுவாக இறங்கும். ஆகவே இது தோராயக் கணக்குத்தான். ஆனாலும் விகிதம் சரியான பாடத்தைச் சொல்கிறது. ஒரு எச்சரிக்கை: தூசும் பாசியும் படிந்தால் வெள்ளை வெள்ளையாக இருக்காது. வருடா வருடம் கோடைக்கு முன் கூரையைக் கழுவ வேண்டும், தேவைப்பட்டால் மறுபூச்சு அடிக்க வேண்டும்.

இன்னொரு சந்தேகம் வரும். கூரையையும் சுவரையும் கனமாகக் கட்டினால் நல்லதா? கனமான கூரை வெப்பத்தைச் சில மணி நேரம் தாமதப்படுத்தும். வீட்டில் அது ராத்திரி தூங்கும்போது தலைமேல் இறங்கும். மொட்டை மாடிக்குக் கீழே படுத்தவர்களைக் கேளுங்கள்! ஆனால் அலுவலகத்தில் ராத்திரி யாரும் இல்லை. அதனால் வீட்டுக்குக் கெடுதலாகத் தெரியும் தாமதம் பகலில் மட்டும் இயங்கும் அலுவலகத்துக்கு உதவியாகலாம். எந்தக் கட்டடம், யார், எந்த நேரத்தில் பயன்படுத்துகிறார்கள் என்று கேட்டபிறகே முடிவெடுக்க வேண்டும்.

4. காற்றோட்டம்

சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் நம்மை வாட்டுவது வெப்பம் மட்டும் அல்ல, புழுக்கம். வியர்வை காய்ந்தால்தான் உடல் குளிரும். அதற்கு உடம்பின் மேல் காற்று ஓட வேண்டும். எதிரெதிர்ச் சுவர்களில் திறப்பு வேண்டும். காற்று வெளியேறும் திறப்பு, நுழையும் திறப்புக்குச் சமமாகவோ பெரியதாகவோ இருப்பது நல்லது. ஒரே பக்கம் எவ்வளவு பெரிய சன்னல் வைத்தாலும் மறுபக்கம் வழி இல்லையென்றால் காற்று சரியாக உள்ளே ஓடாது.

காற்றே வீசாத நேரத்தில் புகைபோக்கித் தத்துவம் கைகொடுக்கும். சூடான காற்று லேசானது, மேலே ஏறும். மேலே திறப்பு வைத்தால் அது வெளியேற, கீழேயிருந்து புதிய காற்று வரும். இந்த ஓட்டம் உயரத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. உயரத்தை நான்கு மடங்காக்கினால் காற்று இரண்டு மடங்குதான் ஆகும். உள்ளே வெளியே வெப்ப வித்தியாசம் இல்லையென்றால் ஓட்டமே இல்லை.

இதற்குப் பக்கத்து மாநிலத்திலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. திருவனந்தபுரத்தில் உள்ள வளர்ச்சி ஆய்வு மையத்தின் கட்டடங்களை வடிவமைத்தவர் லாரி பேக்கர் (1917-2007). இங்கிலாந்தில் பிறந்து, இந்தியாவில் வாழ்ந்து மறைந்தவர். சன்னலுக்குப் பதிலாகச் செங்கல் ஜாலிகளை நிறையப் பயன்படுத்தினார். ஜாலி வெளிச்சத்தைத் துண்டு துண்டாக உள்ளே விடும், காற்றை விடும், நேர் வெயிலைப் பெரும்பாலும் தடுக்கும், திருடனையும் தடுக்கும்! செங்கல்லை நிறுத்தி நடுவே இடைவெளி விட்டுக் கட்டும் ரேட் டிராப் பாண்டை அவர் பரப்பினார். அதில் செங்கலும் மிச்சம், சுவருக்குள் நிற்கும் காற்று வெப்பத்தையும் தடுக்கும். நமக்குக் கட்டுமான வகுப்பில் ஒரு வரியில் முடிந்துபோகும் பாண்ட் இது.

5. இரவுக் குளிர்ச்சி: ஹராரேயில் ஒரு கட்டடம்

ஜிம்பாப்வே நாட்டுத் தலைநகர் ஹராரேயில் ஈஸ்ட்கேட் சென்டர் என்ற அலுவலக, அங்காடிக் கட்டடம் 1996-இல் திறக்கப்பட்டது. கட்டடக் கலைஞர் மிக் பியர்ஸ், பொறியாளர்கள் ஆரூப் நிறுவனத்தார். வழக்கமான ஏ.சி. பிளாண்ட் இல்லாமல் இயங்கும்படி அதை வடிவமைத்தார்கள்.

தத்துவம் எளிது. ஹராரே கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பகல் வெப்பமாக இருந்தாலும் இரவு நன்றாகக் குளிரும். இரவில் மின்விசிறிகள் மணிக்குப் பத்து முறை கட்டடத்துக் காற்றை மாற்றி, கான்கிரீட் தளங்களுக்குள் உள்ள இடைவெளி வழியே குளிர்காற்றை ஓட்டுகின்றன. கான்கிரீட் குளிர்ச்சியைச் சேமித்து வைக்கிறது. பகலில் மணிக்கு இரண்டு முறை மட்டும் காற்றை மாற்றி, சேமித்த குளிர்ச்சியைச் செலவு செய்கிறார்கள். சூடான காற்று கூரை மேலுள்ள புகைபோக்கிகள் வழியே வெளியேறுகிறது. மின்விசிறி இருக்கிறது, ஆகவே மின்சாரமே இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் கம்ப்ரசருக்குத் தேவைப்படுவதோடு பார்த்தால் அது சிறிய செலவு.

இந்தக் கட்டடத்துக்குத் தூண்டுகோல் கரையான் புற்று. புற்று தன் உள்வெப்பத்தை ஒரே நிலையில் வைத்துக்கொள்கிறது என்று அப்போது நம்பினார்கள். பின்னால் ஸ்காட் டர்னர், ரூபர்ட் சோர் இருவரும் 2008-இல் எழுதிய கட்டுரையில், கரையான் கூட்டின் வெப்பம் சுற்றியுள்ள மண்ணின் வெப்பத்தோடு சேர்ந்தே வருடம் முழுதும் மாறுகிறது என்று காட்டினார்கள். அதாவது கரையானைப் பற்றிய கதை தவறு, கட்டடம் மட்டும் சரி! கதை நன்றாக இருக்கிறது என்பதற்காக எதையும் நம்பிவிடக் கூடாது என்பதற்கு இது நல்ல உதாரணம்.

இதைச் சென்னையில் அப்படியே கட்டலாமா? மே மாத இரவில் சென்னையில் காற்றே 28 டிகிரியை ஒட்டி இருக்கும். 28 டிகிரிக் காற்றை ராத்திரி முழுக்க ஓட்டினாலும் கான்கிரீட் 28-க்குக் கீழே போகாது. மேட்டுநிலத்தில் உள்ள ஓசூர்ப் பக்கம் என்றால் யோசிக்கலாம்.

6. நீர் ஆவியாதல்: அகமதாபாத்தும் சென்னையும்

மண்பானைத் தண்ணீர் ஏன் குளிர்கிறது என்று நமக்குத் தெரியும். இதே தத்துவத்தில் ஒரு பெரிய ஆய்வகக் கட்டடத்தையே குளிர்வித்திருக்கிறார்கள். அகமதாபாத்தில் டொரன்ட் ஆராய்ச்சி மையம், 1990-களில் நிமிஷ் பட்டேல், பாருல் ஜவேரி ஆகியோர் வடிவமைத்தது. நடுவிலுள்ள கோபுரங்களின் உச்சியில் நுண்ணிய நீர்த்துளிகளைத் தெளிப்பார்கள். துளிகள் ஆவியாகும்போது காற்று குளிர்ந்து கனமாகிக் கீழே இறங்கும், தளங்களுக்குள் பரவும், ஓரத்திலுள்ள கோபுரங்கள் வழியே வெளியேறும். காற்றின் கனமே இங்கே மோட்டார்.

ஹைதராபாத்தில் சி.ஐ.ஐ. சோராப்ஜி கோத்ரெஜ் பசுமை வணிக மையம் இன்னொரு உதாரணம். 14-7-2004 அன்று குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் திறந்துவைத்தார். அங்கே இரண்டு காற்றுக் கோபுரங்கள் வெளிக்காற்றை முன்கூட்டியே குளிர்வித்து ஏ.சி. கருவிக்கு அனுப்புகின்றன. அதாவது ஏ.சி.யை ஒழிக்கவில்லை, அதன் சுமையைக் குறைத்தார்கள்.

சென்னையில் இது நடக்குமா? ஈரக்குமிழ் வெப்பநிலைதான் பதில் சொல்லும். நீரை ஆவியாக்கி, காற்றை ஈரக்குமிழ் வெப்பநிலைக்குக் கீழே கொண்டுபோக முடியாது. நடைமுறையில் அந்த இடைவெளியில் 75 சதவீதம் இறங்கலாம் என்று வைத்துக்கொள்வோம்.

வறண்ட ஊர்: 42 டிகிரி, ஈரப்பதம் 20 சதவீதம், ஈரக்குமிழ் சுமார் 24. இடைவெளி 18. அதில் 75 சதவீதம் 13.5. கிடைப்பது 28.5 டிகிரிக் காற்று. அருமை!

கடலோர ஊர்: 36 டிகிரி, ஈரப்பதம் 60 சதவீதம், ஈரக்குமிழ் சுமார் 29.4. இடைவெளி 6.6. அதில் 75 சதவீதம் சுமார் 5. கிடைப்பது 31 டிகிரி, அதுவும் ஈரத்தில் ஊறிய காற்று. உடம்பு பிசுபிசுக்கும், ஃபைல் எல்லாம் நமுத்துப்போகும்.

42 டிகிரி ஊரில் கிடைக்கும் குளிர்ச்சி 36 டிகிரி ஊரில் கிடைக்காது! அகமதாபாத் கட்டடத்திலேயே மழைக்காலத்தில் நீர் தெளிப்பு பலன் தராது, மின்விசிறிதான் துணை. ஆகவே 'அங்கே வெற்றி, இங்கேயும் போடு' என்று எவராவது விற்க வந்தால் முதலில் அந்த ஊர் ஈரக்குமிழ் வெப்பநிலையைக் கேளுங்கள்.

7. நம் ஊருக்கு எது?

கடலோரத் தமிழ்நாட்டில் முழு வருடமும் ஏ.சி. இல்லாமல் கணினி அலுவலகம் நடத்தலாம் என்று சொன்னால் அது பொய். ஆனால் 10 டன் வேண்டிய இடத்தில் 6 டன் போதும்படி செய்யலாம். டிசம்பர், ஜனவரியில் சன்னலைத் திறந்து மின்விசிறியிலேயே ஓட்டலாம். இந்த மாதிரிக் கலப்பு முறைக்கு ஒரே நிபந்தனை, சன்னல் திறக்கும் சன்னலாக இருக்க வேண்டும்.

மின்விசிறிக் காற்று பட்டால் இரண்டு மூன்று டிகிரி அதிக வெப்பத்திலும் நமக்குச் சௌகரியமாகவே இருக்கும். பி.எல்.டி.சி. மின்விசிறி எடுப்பது சுமார் 30 வாட். ஏ.சி.யில் ஒரு டிகிரி உயர்த்தி வைத்தால் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சம் என்று எரிசக்தித் திறன் அமைப்பு கூறுகிறது. 18-இல் வைத்துவிட்டு ஸ்வெட்டர் போட்டுக்கொள்வதை விட 26-இல் வைத்து மின்விசிறி போடுவது புத்திசாலித்தனம்.

சட்டமும் நம் பக்கம் வந்துகொண்டிருக்கிறது. எரிசக்தி சேமிப்புக் கட்டட விதித்தொகுப்பு 2007-இல் வெளியானது. 2017 பதிப்பின் நேரடி விதிமுறைப் பாதையில், சுவர்ப் பரப்பில் சன்னலின் பங்கு 40 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று வரம்பு வைத்தார்கள். 2024-இல் அடுத்த பதிப்பு வந்தது. இனி 'முழுக்கக் கண்ணாடி' என்று யாராவது கேட்டால், "விதி என்ன சொல்லுதுன்னு பார்ப்போம் சார்" என்று மரியாதையாகச் சொல்ல நமக்கு ஒரு பிடி கிடைத்திருக்கிறது.

8. நாம் என்ன செய்யலாம்?

சிவில் நண்பர்களே: பிளானில் வடக்கு அம்புக்குறியை கடைசியில் போடாமல் முதலில் போடுங்கள். ஒவ்வொரு திசைக்கும் வேறு சன்னல், வேறு நிழல். நான்கு பக்கமும் ஒரே எலிவேஷனைக் காப்பி செய்யாதீர்கள்.

மெக்கானிக்கல் நண்பர்களே: 'நூறு சதுர அடிக்கு ஒரு டன்' என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லாமல் வெப்பச்சுமைக் கணக்குப் போடுங்கள். கூரையின் உச்சச் சுமை எந்த நேரத்தில் வரும் என்று பாருங்கள், மேற்குக் கண்ணாடியின் உச்சம் நான்கு மணிக்கு. நேரம் வேறாக இருக்கும்போது இரண்டு உச்சத்தையும் அப்படியே கூட்டினால் தேவைக்கு மேல் பெரிய இயந்திரம் வாங்குவீர்கள்.

எலக்ட்ரிகல் நண்பர்களே: பகல் வெளிச்சம் வரும் சன்னலோர விளக்குகளுக்குத் தனி சுவிட்ச் கொடுங்கள். விளக்கில் மிச்சமாகும் ஒவ்வொரு மூன்று வாட்டுக்கும் ஏ.சி.யிலும் ஏறக்குறைய ஒரு வாட் மிச்சம்.

தம்பி தங்கைகளே: ஒரு தெர்மாமீட்டரை எடுத்து நம் கல்லூரியின் மேல்மாடி வகுப்பிலும் கீழ்மாடி வகுப்பிலும் மூன்று மணிக்கு அளந்து பாருங்கள். பிறகு ஒரு அறையின் கூரைக்கு மட்டும் சுண்ணாம்பு அடித்து மறுபடி அளங்கள். நல்ல புராஜெக்ட் அது, செலவும் இல்லை.

நாம் படிப்பை முடித்ததும் பெரிய முடிவெடுக்கும் நாற்காலியில் யாரும் நம்மை உட்காரவைக்கப் போவதில்லை. 'தம்பி, இதை எடுத்துடு' என்றுதான் சொல்வார்கள். அப்போது எதிர்த்துச் சண்டை போட வேண்டாம். "சார், ஒரு நிமிஷம். இந்தச் சுவர் மேற்கு. இத்தனை டன் கூடும். இதோ கணக்கு" என்று ஒரு தாளை நீட்டினால் போதும். கேட்பதும் கேட்காததும் அவர்கள் விருப்பம். அன்று என் கையில் அந்தத் தாள் இல்லை. உங்கள் கையில் இருக்கட்டும் என்றுதான் இதை எழுதினேன்.

ஒரு கட்டடம் நாற்பது ஐம்பது வருடம் நிற்கும். நாம் இழுக்கும் ஒரு கோடு அத்தனை வருடமும் யாரோ ஒருவருக்கு நிழல் தரும், அல்லது யாரோ ஒருவர் செய்தித்தாள் ஒட்டிக்கொண்டிருப்பார்.



(இறுதியாண்டு மாணவர், சிவில் பிரிவு)